பெயருக்கு முன் நிற்பவர்கள்

நம்மவர் பெயர் பெரும்பாலும் தனியே நிற்பதில்லை. அதற்கு முன்னே ஓர் எழுத்தோ இரண்டு எழுத்துக்களோ நிற்கின்றன. ஒன்று ஊரைக் குறிக்கும்; மற்றொன்று தந்தையைக் குறிக்கும்; சில குடும்பங்களில் பாட்டனாரும் ஓர் எழுத்தாக அங்கே இடம் பெறுவார். இரயில்வே அலுவலகத்தில் பெயர்ப் பதிவேடுகளை நாள்தோறும் புரட்டும் நமக்கு இவ்வெழுத்துக்கள் நன்கு பழகியவை. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய உதவும் குறி என்பதற்கு மேல் பதிவேட்டுக்கு அவற்றால் பயன் ஒன்றும் இல்லை. ஆனால் அப்பெயருக்கு உரிய இளைஞனை அருகே அழைத்து, "தம்பி, உன் பெயருக்கு முன் நிற்கும் இவர் யார்? எந்த வழியாக இவ்வூருக்கு வந்தார்? என்ன வேலை செய்தார்? எதைக் கண்டு மகிழ்ந்தார், எதற்கு வருந்தினார்?" என்று கேட்டால் என்ன விடை வரும்? தந்தை வரையில் பலர் சொல்வார்கள்; பாட்டனார் வரையில் சிலர் சொல்வார்கள்; அதற்கு அப்பால் பெரும்பாலோருக்குப் பெயரும் தெரியாது.

பிறந்த மண்ணிலேயே வாழும் குடும்பத்துக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது. அங்கே பாட்டனாரை நினைவூட்ட அவர் வெட்டிய கிணறு உண்டு. அவர் நட்ட புளியமரம் உண்டு. அவரை அறிந்த கிழவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஊர் விட்டு வந்தவர்களுக்கு அந்தத் துணை இல்லை. கிணறும் மரமும் திண்ணையும் பின்னே தங்கிவிட, வாய்ச்சொல் ஒன்றே உடன் வந்திருக்கிறது. அந்த வாய்ச்சொல்லும் நின்றுவிட்டால் பெயருக்கு முன் உள்ள எழுத்து வெறும் மைப்புள்ளியாகிவிடும். ஆதலால், தந்தையையும் பாட்டனாரையும் அன்போடு நினைந்து எழுதிய பிள்ளைகள் சிலரைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தமிழில் இவ்வகை எழுத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் 'என் சரித்திரம்'. 'உ. வே. சா.' என்று நாம் சொல்லும் மூன்று எழுத்துக்களில் முதலாவது உத்தமதானபுரம் என்னும் ஊர். இரண்டாவது அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர். மூன்றாவதுதான் சாமிநாதன் என்னும் அவர் பெயர். ஊரும் தந்தையும் முன்னே செல்ல, மகன் பின்னே வருகிறார். அவர் எழுதிய வரலாறும் அதே வரிசையில்தான் செல்கிறது.

1855-ஆம் ஆண்டு பிறந்த ஐயரவர்கள், எண்பத்தைந்து வயதை எட்டும் தறுவாயில், 1940-ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் அவ்வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் காலமாகும் வரையில் எழுதிவந்தார். சீவக சிந்தாமணியை 1887-லும், பத்துப்பாட்டை 1889-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும், மணிமேகலையை 1898-லும் அச்சேற்றித் தமிழருக்குத் தம் பழைய செல்வத்தை மீட்டுக் கொடுத்தவர் அவர். அத்தகையவர் தம் கதையைச் சொல்லப் புகும்போது அந்தப் பெருமைகளில் ஒன்றையும் முன்னே வைக்கவில்லை. உத்தமதானபுரம் என்ற பெயர் வந்த கதையைச் சொல்கிறார். ஏகாதசி விரத நாளென்பதை மறந்து தாம்பூலம் தரித்துக்கொண்ட தஞ்சை மன்னர் ஒருவர், அதற்குப் பரிகாரமாக வீடும் கிணறும் நிலமும் அளித்து அந்தணர்களைக் குடியேற்றினார் என்று ஊரார் வழங்கி வந்த கதை அது. பிறகு முன்னோர்களைச் சொல்கிறார். சூரியமூலையில் வாழ்ந்த தாய்வழிப் பாட்டனார் கிருஷ்ண சாஸ்திரிகளின் சிவபக்தியைச் சொல்கிறார். தம்மிடம் இருந்த நல்லவை பலவும் பிறரிடமிருந்து வந்தவை என்று காட்டுவதே அவருடைய நோக்கமாகத் தோன்றுகிறது.

அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உடையார்பாளையத்தில் புகழோடு விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஊர் ஊராகச் சென்று இராமாயணப் பிரசங்கம் செய்வார்; இடையிடையே அருணாசலக் கவிராயரின் கீர்த்தனங்களைப் பாடுவார். கேட்டு மகிழ்ந்த ஊரார் கொடுத்த தானியத்தையும் சிறு தொகையையும் கொண்டு குடும்பம் நடந்தது. நிலையான வருவாய் இல்லை. நிலையான வீடும் இல்லை. அரியலூர், குன்னம், கார்குடி என்று குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது.

இந்த இடப்பெயர்ச்சிக்குக் காரணம் வயிறு மட்டும் அன்று. மகனுக்குத் தமிழில் அடங்காத ஆசை. ஆதலால், ஒவ்வோர் ஊரிலும் தமிழ் அறிந்தவர் யார் என்று தந்தையார் விசாரித்தார். அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் மகன் பாடங் கேட்டார். ஓராசிரியர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லி முடித்ததும் அடுத்த ஆசிரியரைத் தேடுவது தந்தையின் கவலையாயிற்று. இறுதியில், 1871-ஆம் ஆண்டு, பதினேழாம் பிராயத்தில் இருந்த மகனை அழைத்துக்கொண்டு மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் ஒப்பித்தார். தமிழ்நாட்டின் தலைவிதியை ஓரளவு மாற்றிய பயணம் அது. ஆயினும் அன்று பார்த்தவர்களுக்கு, ஏழைப் பாடகர் ஒருவர் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறார் என்றுதான் தோன்றியிருக்கும்.

இதில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இசையில் ஊறிய அந்தத் தந்தைக்கு மகனும் இசையில் தேர வேண்டும் என்ற ஆசை இருந்தது. மாயூரத்தில் அப்போது வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் மகன் சில காலம் சங்கீதமும் கற்றுக்கொண்டார். தமிழாசிரியருக்கு அதில் விருப்பம் இல்லை என்பது தெரிந்தபின் அப்பயிற்சி நின்றது. தந்தையாரின் ஆசை அங்கே முடிந்துபோயிற்று. ஆயினும் அதற்காக மகனுடைய தமிழை அவர் தடுக்கவில்லை. தாம் விரும்பியதை விட்டுக்கொடுத்து, மகன் விரும்பியதற்குத் துணை நின்றார். பிற்காலத்தில் மகன், தந்தையாரின் குருவான கனம் கிருஷ்ணையரின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். தந்தையின் வாயில் இருந்த இசைச் செல்வத்தை அச்சில் நிறுத்திவைத்த அச்செயலை மகன் செலுத்திய காணிக்கையாகவே கொள்கிறோம்.

1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் ஐம்பது ரூபாய் சம்பளத்தில் மகன் தமிழாசிரியராக அமர்ந்ததைத் தந்தையார் இருந்து கண்டார். சிந்தாமணி அச்சாகி வெளிவந்ததையும் கண்டார். ஊர் ஊராக நடந்த கால்களுக்கு அது போதும் அல்லவா? 'என் சரித்திரம்' படிப்பவர்கள் வேறொன்றையும் காண்பார்கள். தந்தையாரின் கண்டிப்பையும், அதனால் இளமையில் தமக்கு நேர்ந்த மனவருத்தத்தையும் ஐயரவர்கள் மறைக்கவில்லை. அன்பு கெடாமல் உண்மையைச் சொல்லலாம் என்பதற்கு அந்நூல் நல்ல வழிகாட்டி.

காந்தியடிகளும் தம் சுயசரிதையைப் பாட்டனாரிடமிருந்தே தொடங்குகிறார். 1925-ஆம் ஆண்டு முதல் நவஜீவன் பத்திரிகையில் வெளிவந்து, தமிழில் 'சத்திய சோதனை' என்று வழங்கும் அந்நூலின் தொடக்கத்தில், பாட்டனார் உத்தமசந்த் காந்தியைப் பற்றிய செய்தி ஒன்று வருகிறது. ஓதா காந்தி என்றும் அவரை அழைப்பார்கள். போர்பந்தரில் திவானாக இருந்த அவர், அரண்மனைச் சூழ்ச்சிகளால் அவ்வூரை விட்டு நீங்கி ஜுனாகட்டில் அடைக்கலம் புக நேர்ந்தது. அங்கே நவாபுக்கு இடக்கையால் சலாம் செய்தார். இது என்ன மரியாதைக் குறைவு என்று கேட்டபோது, தம் வலக்கை முன்னமே போர்பந்தருக்கு வாக்களிக்கப்பட்டுவிட்டது என்று விடை கூறினாராம்.

ஊர் மாறி வாழும் நம் போன்றோர் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க நிகழ்ச்சி இது. அடைக்கலம் தந்த நாட்டுக்கு அவர் வணக்கம் செலுத்தாமல் இல்லை. பிறந்த ஊருக்குப் பட்ட கடனையும் மறக்கவில்லை. பேரன் பிறக்கும் முன்பே நடந்த நிகழ்ச்சி இது. வீட்டில் யாரோ சொல்லிச் சொல்லி அது பேரனிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு வந்து சேர்ந்த கதை அவருக்கு எவ்வளவு வலிமை தந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

தந்தையார் கரம்சந்த் காந்தியைப் பற்றி எழுதும்போதும், அவருடைய நேர்மையையும் துணிவையும் தயாளத்தையும் சொல்லும் அதே இடத்தில் முன்கோபத்தையும் சொல்லிவிடுகிறார். பொருள் சேர்க்கும் ஆசை அவருக்கு இல்லை. பிள்ளைகளுக்கு மிகச் சிறிய சொத்தே விட்டுச் சென்றார் என்கிறார். பதினைந்து வயதில் தாம் செய்த களவை ஒரு காகிதத்தில் எழுதி நோயுற்றிருந்த தந்தையிடம் கொடுத்ததையும், அதைப் படித்த தந்தை கண்ணீர் சொரிந்து, காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டதையும் எழுதியிருக்கிறார். சிறிய சொத்து வைத்துச் சென்ற தந்தை, அந்தக் கண்ணீரை மகனுக்கு எவ்வளவு பெரிய உடைமையாக வைத்துச் சென்றார்!

ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு பிறந்த வ. உ. சிதம்பரனார் தம் சுயசரிதையைச் செய்யுளாகவே எழுதினார். பாட்டியாரிடம் சிவபுராணக் கதைகளையும், பாட்டனாரிடம் இராமாயணத்தையும் கேட்டு வளர்ந்தவர் அவர். தந்தையார் உலகநாத பிள்ளை வழக்கறிஞர். மகனும் அவ்வழியே வழக்கறிஞரானார். வெள்ளையர் கப்பலுக்கு எதிராகக் கப்பல் விட்டுச் சிறையில் செக்கிழுத்த அந்த மனிதரின் நெஞ்சுரத்துக்கு, இளமையில் பெரியோர் வாயிலாகக் கேட்ட கதைகளும் எரு இட்டிருக்கும் என்றே நாம் நினைக்கிறோம்.

நம் காலத்துச் சான்றும் உண்டு. குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம் அவர்களின் முழுப் பெயரைப் பாருங்கள்: அவுல் பக்கீர் ஜெயினுலாப்தீன் அப்துல் கலாம். அவுல் என்பது கொள்ளுப்பாட்டனார் பெயர். பக்கீர் என்பது பாட்டனார் பெயர். ஜெயினுலாப்தீன் என்பது தந்தையார் பெயர். மூன்று தலைமுறைகளைச் சுமந்துகொண்டே அவர் டெல்லி மாளிகைக்குச் சென்றார். 'அக்கினிச் சிறகுகள்' நூலில் அவர் தந்தையாரைப் பற்றி எழுதும் செய்தி எளிமையானது. விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து தொழுகை முடித்து, ஏறக்குறைய நான்கு மைல் தூரத்தில் இருந்த சிறு தென்னந்தோப்புக்கு நடந்து போவார். ஒரு டஜன் தேங்காய்களைத் தோளில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வருவார். அறுபது வயதைத் தாண்டிய பின்னும் அவ்வழக்கத்தை விடவில்லை. இராமேசுவரம் கோயில் அர்ச்சகரான பட்சி லட்சுமண சாஸ்திரிகளும் அவரும் நெருங்கிய நண்பர்கள். அவரவர் உடையிலேயே அமர்ந்து ஆன்மிகம் பேசுவார்கள். விண்ணில் ஏவுகணைகளைச் செலுத்திய மகனின் மனத்தில், தோளில் தேங்காயோடு நடந்து வரும் தந்தையின் உருவம் கடைசி வரையில் அழியவில்லை.

இக்கதைகளைக் கேட்கும் அன்பர் சிலர், "அவர்கள் பெரியோர்கள், அவர்களுடைய தந்தையரைப் பற்றி உலகம் அறிய விரும்புகிறது. நம் வீட்டுக் கிழவரின் கதையால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை என்றாலும், ஒரு குறுகிய கடலைக் கடந்து இலங்கை மலைநாட்டுக்குப் போய் வருவோம்.

திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற நம்மவர்கள் அங்கே காப்பியும் தேயிலையும் விளைவித்தார்கள். 1948-ஆம் ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. அந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் கொள்ளுப்பாட்டனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்டது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த ஏழைகளில் எத்தனை பேரிடம் தந்தை பிறந்த நாளைக் காட்டும் காகிதம் இருந்திருக்கும்? இலட்சக்கணக்கானோர் எந்நாட்டுக்கும் உரியவரல்லாதவராய் நின்றார்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சியவர்களுடைய குறை முற்றும் நீங்க 2003-ஆம் ஆண்டின் சட்டம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தவர்களில் பலர் நம் அட்டப்பாடிக்கு அண்டையிலுள்ள நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலேயே வேலைக்கு அமர்ந்தார்கள்.

"உன் தந்தை யார், பாட்டன் யார்?" என்ற கேள்வி அன்பினால் மட்டும் கேட்கப்படுவதில்லை, ஒருநாள் அதிகாரமும் அதைக் கேட்கக்கூடும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. நினைவு மட்டும் அப்போது போதாது, காகிதமும் வேண்டும். காகிதம் இருந்தும் நினைவு இல்லையென்றால், அது யாருடைய காகிதம் என்று சொல்லவும் ஆள் இராது.

இனி நம் ஊருக்கு வருவோம். அகளி, புதூர், ஷோளையூர் ஆகிய மூன்று பஞ்சாயத்துகளும் அடங்கியது அட்டப்பாடி. மேற்கே மண்ணார்க்காட்டுக்கு மலைப்பாதை இறங்குகிறது; கிழக்கே ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூருக்குப் பாதை செல்கிறது. கிழக்கு வழியாக வந்தவர்களே நம்மில் பெரும்பாலோர். அவர்களுள் மூத்தவர்கள் வந்த காலத்தில் இரு மாநிலங்களுக்கு நடுவே எல்லைச் சாவடி ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரும் மலபாரும் சென்னை மாகாணத்தின் இரு ஜில்லாக்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோதுதான் மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. அவ்வாறே தேவிகுளம், பீருமேடு பகுதிகளும் கேரளத்தில் நிலைத்தன. ஒரு ஜில்லாவிலிருந்து அடுத்த ஜில்லாவுக்குக் குடிபெயர்ந்த உழவர், வேறு மாநிலத்துக் குடியானவராக மறுநாள் கண்விழித்தார்.

கேரளத்து ஆறுகளில் கிழக்கு நோக்கிப் பாய்பவை மூன்றே: கபினி, பவானி, பாம்பாறு. அவற்றுள் பவானி நம் அட்டப்பாடி வழியே சென்று காவிரியில் கலக்கிறது. பாம்பாறு இடுக்கியில் தோன்றி அமராவதிக்குச் செல்கிறது. சிறுவாணியோ கோயம்புத்தூர் மக்களின் தாகம் தீர்க்கிறது. தண்ணீருக்குத் தெரிந்த இந்த உறவு, பேரப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டாவா?

எங்கள் வீட்டுக் கதையைச் சிறிது சொன்னால் அன்பர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம். அகளியில் பல வீடுகளில் வழங்குவது போலவே, தந்தையின் தந்தையை 'அப்பாரு' என்றும், தாயின் தந்தையை 'அப்புச்சி' என்றும் அழைப்பது எங்கள் வழக்கம். அப்பாரு ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜோடி எருதுகளோடு ஆனைகட்டி வழியாக வந்தவர். பாட்டத்துக்கு நிலம் பிடித்துச் சோளமும் கடலையும் விதைத்தார். எழுத்தறியாதவர். களத்திலிருந்து வந்த மூட்டைகளைக் கரித்துண்டால் சுவரில் கோடிட்டுக் கணக்கு வைப்பார். நல்ல விளைச்சலுக்கு நீளக் கோடு; மழை பொய்த்த ஆண்டுக்குக் குட்டைக் கோடு; எருது இறந்த ஆண்டுக்கு ஒரு வட்டம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் போதெல்லாம் எங்கள் தந்தையார் அந்த ஒரு சுவரை மட்டும் தொடவிட மாட்டார்.

தந்தையார் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கடலை விற்கக் கோயம்புத்தூர் மண்டிக்குப் போகும்போதெல்லாம் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்று வாங்கி வருவார். இரவில் விளக்கடியில் உட்கார்ந்து அப்பாருவுக்கு அதை உரக்கப் படித்துக் காட்டுவார். தொடர்கதையில் மகன் தந்தையை எதிர்த்துப் பேசும் இடம் வந்தால் அப்பாரு, "அவனை இப்படி வா என்று சொல், நான் கேட்கிறேன்" என்று சினந்து எழுவார். தந்தையார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்த வாரம் வருவான், ஐயா" என்பார். எங்கள் தமிழ் அந்த விளக்கடியில்தான் தொடங்கிற்று. பள்ளியில் எங்களைச் சேர்த்த நாளில், தம் பெயரின் முதலெழுத்தோடு அப்பாருவின் பெயரெழுத்தையும் சேர்த்து எழுதுமாறு தந்தையார் பணிவோடு கேட்டுக்கொண்டார். "மலையேறி வந்தவர் அவர், அவர் முன்னே நிற்கட்டும்" என்று வீட்டுக்கு வந்து காரணம் சொன்னார். அச்சுவரின் கோடுகளை ஒவ்வொன்றாகச் சுட்டித் தந்தையார் சொல்லக் கேட்டு நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம். வானத்தைப் பார்த்து விதைக்கும் நாளையும், கோடையில் வற்றாத ஊற்றையும் அப்பாருவுக்குக் காட்டிக் கொடுத்தவர் பக்கத்து ஊரில் வாழ்ந்த இருளர் பெரியவர் ஒருவர் என்பதும் அந்நோட்டில் இருக்கிறது.

இதை நாம் காரணத்தோடே சொல்கிறோம். நம் பாட்டனார் வந்தபோது இம்மலை வெறுங்காடாக இருக்கவில்லை. இருளரும் முதுகரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலம் இது. வந்து குடியேறியவர் பெருகப் பெருக அவர்கள் கையிலிருந்த நிலம் குறைந்தது. இழந்த நிலத்தை அவர்களுக்கு மீட்டுத் தரவென்று 1975-ஆம் ஆண்டு கேரளம் சட்டம் இயற்ற வேண்டிய அளவுக்கு அது வளர்ந்தது. பாட்டனாரின் உழைப்பை எழுதுகிறவர்கள், அவர் உழுத நிலம் எவ்வாறு கைக்கு வந்தது என்பதையும் எழுத வேண்டும். தந்தையின் கண்டிப்பை உ. வே. சா. மறைக்காததும், தந்தையின் கோபத்தைக் காந்தியடிகள் மறைக்காததும் நமக்குச் சொல்வது அதுவே. உண்மையைச் சொல்வதால் அன்பு குறைவதில்லை.

நினைவைக் காப்பதற்கு எழுத்து ஒன்றே வழி என்பதும் இல்லை. நம் அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் இனத்துப் பாடகி நஞ்சியம்மாவை அறியாதவர் யார்? 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடியதற்காக 2022-ஆம் ஆண்டு அவருக்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. ஆடு மேய்த்துக்கொண்டு, முன்னோர் வாய்வழி வந்த பாட்டைப் பாடிய அம்மையாரின் குரலை நாடே நின்று கேட்டது. எழுத்தின்றியே ஓரினம் தன் பாட்டனாரைப் பாட்டில் வைத்துக் காக்கிறது. எழுத்துடைய நாம் நம்மவரைக் காக்காதிருப்பது தகுமா?

இன்று நம் வீடுகளில் நிலைமை என்ன? பிள்ளைகள் மலையாளத்தில் தேர்ச்சி பெறுகிறார்கள். அது மிக நன்று. நாம் வாழும் நாட்டின் மொழி அது. நமக்குச் சோறிட்ட மண்ணின் மொழி. ஆங்கிலமும் வேண்டியதே. ஆனால் தமிழைப் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பிள்ளைகள் பெருகுகிறார்கள். பாட்டனாருக்கு ஊரிலிருந்து வந்த கடிதம் பெட்டியில் இருக்கிறது. பேரன் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறான். தபால் தலையை மட்டும் ரசிக்கிறான். 1956-க்கு முன் மலையேறி வந்தவர்களில் இன்று இருப்போர் மிகச் சிலர், யாவரும் முதியவர்கள். அவர்களோடு பேச நமக்கு எஞ்சியிருக்கும் காலம் குறுகியது.

ஆதலால் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். விடுமுறை நாட்களில் பிள்ளைகளைப் பாட்டனார், பாட்டியார் அருகே உட்கார வையுங்கள். பெரிய கேள்விகள் வேண்டா. முதலில் வந்த நாளில் எங்கே தங்கினீர்கள்? அன்று அடுப்பில் என்ன வெந்தது? வரும்போது பெட்டியில் என்ன இருந்தது? விட்டு வந்த ஊரில் குலதெய்வம் எது? முதல் கூலி எவ்வளவு? உதவிய அயலார் யார்? இவற்றைக் கேட்டாலே போதும். ஒரு கேள்விக்குப் பத்துக் கதைகள் வரும். பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வரவில்லையெனில் முதலில் தெரிந்த எழுத்தில் குறித்துக்கொள்ளட்டும். பிறகு தாயோ தந்தையோ அருகிருந்து அதைத் தமிழில் எழுதப் பழக்கலாம். தன் பாட்டனார் பெயரை எழுதுவதற்காகக் கற்ற எழுத்து எளிதில் மறக்காது. கைப்பேசியில் குரலைப் பதிவு செய்வதும் நன்று. ஆயினும் பேசினவர் யார், எந்நாள், எவ்விடம் என்பதை எழுதி வைக்காவிட்டால் பின்னொரு நாள் அது யார் குரல் என்றே தெரியாது.

நோட்டோடு ஓர் உறையில், வரிச் சீட்டு, பழைய குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், திருமணப் பத்திரிகை ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். ஒவ்வொன்றின் பின்னும் அது யாருடையது என்று பென்சிலால் குறித்திடுங்கள். மூணாறு, மறையூர், பீருமேடு முதலிய இடங்களில் தேயிலைத் தோட்டங்களில் வாழும் அன்பர்களுக்கு இது இன்னும் அவசியம். தோட்ட வேலை முடிந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் குடும்பத்துக்கு, சுவரில் இட்ட கோடும் உடன் வராது.

வேங்கடசுப்பையர் என்ற பாடகர் தம் காலத்தில் சில ஊர்களில் மட்டும் அறியப்பட்டவர். அவர் மகன் அன்போடும் உண்மையோடும் எழுதியதால் இன்று தமிழ் படிக்கும் வீடுகளிலெல்லாம் அவர் நடந்துகொண்டிருக்கிறார். நம் தந்தையரும் பாட்டன்மாரும் நடந்த தூரம் அதற்குக் குறைந்ததன்று. நம் பிள்ளைகள் இந்த ஆண்டு எழுதும் நோட்டுப் புத்தகங்களிலிருந்து சில பக்கங்களைச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தால், இவ்விதழில் இடம் உண்டு என்று மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம்.